பென்னிகுயிக்: தந்தையை இழந்த சிறுவனும் தண்ணீர் பெற்ற பள்ளத்தாக்கும்

கூடலூருக்குத் தென்மேற்கே, குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் லோயர் கேம்ப் என்னும் சிற்றூர் உள்ளது. 2013ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் அங்கே கர்னல் ஜான் பென்னிகுயிக்கிற்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் அவர் பெயரைத் தாங்கிய கடைகள் உண்டு. அவர் பெயரைச் சூட்டிக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. தைப்பொங்கலை ஒட்டி வரும் அவர் பிறந்த நாளில் உழவர்கள் அவர் படத்தின் முன் பொங்கல் வைக்கின்றனர். அவர் கட்டிய அணையைப் பற்றி அறியாதார் இப்பகுதியில் இலர். ஆனால் அவரை உருவாக்கிய குடும்பம் எது, அவர் பெற்ற கல்வி எவ்வாறு அவருக்குக் கிட்டியது, அந்தக் கல்வி பிறர்க்கு ஏன் கிட்டவில்லை என்பன அதிகம் பேசப்படாதவை. அவர் வாழ்வை அந்த நோக்கில் பார்க்கும்போது, ஒரு பொறியாளரின் வரலாறு இரு சமூகங்களின் வரலாறாக விரிகிறது.

குடும்பம்

பென்னிகுயிக் 1841ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தையின் பெயரும் ஜான் பென்னிகுயிக் என்பதே. அவர் ஆங்கிலேயப் படையில் பிரிகேடியர் நிலைக்கு உயர்ந்தவர். அந்தக் குடும்பத்தில் படைப்பணி என்பது தந்தைக்குப் பின் மைந்தர் ஏற்கும் குலத்தொழில் போன்றது. ஆண்மக்கள் பிறந்தபொழுதே அவர்கள் செல்லவேண்டிய பாதை ஏறத்தாழ முடிவாகிவிட்டிருந்தது.

1849ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள், பஞ்சாபில் சிலியன்வாலா என்னுமிடத்தில் சீக்கியப் படைக்கும் ஆங்கிலேயப் படைக்கும் கடும்போர் நிகழ்ந்தது. அப்போரில் தந்தை வீழ்ந்தார். அதே படைப்பிரிவில் இருந்த பதினேழு வயது மூத்த மகன் அலெக்சாண்டரும் தந்தையின் உடலைக் காக்க முயன்று அதே களத்தில் மாண்டான். அந்நாளுக்கு இரண்டு நாள் கழித்து இளையவன் ஜானுக்கு எட்டு வயது நிறைந்தது. வீட்டின் தலைவனும் வளர்ந்த மகனும் ஒரே நாளில் மறைய, பல பிள்ளைகளுடன் தாய் தனித்து நின்றார்.

எட்டு வயதில் தந்தையை இழந்த பிள்ளையின் கதை வைகைக் கரைக்குப் புதிதன்று. அதே காலத்தில் மதுரைச் சீமையில் ஓர் உழுகுடியில் அத்தகைய துயரம் நேர்ந்திருந்தால் அடுத்து நிகழக்கூடியவற்றைச் சொல்ல எந்த ஆவணமும் வேண்டியதில்லை. திண்ணைப் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த சிறுவன் மறுவாரமே மாட்டுக்குப் பின்னால் நடந்திருப்பான். அவனுடைய அக்காள் நடவுக்குப் போயிருப்பாள். நிலம் ஒற்றிக்குப் போயிருக்கும். தந்தையின் சாவு அக்குடும்பத்தின் கல்விக்கும் சாவாக முடிந்திருக்கும்.

பென்னிகுயிக் குடும்பத்தில் அவ்வாறு நிகழவில்லை. துயரம் இரு குடும்பங்களுக்கும் ஒன்றே. துயரத்தைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடுகளில்தான் வேறுபாடு. போரில் வீழ்ந்த அதிகாரியின் குடும்பத்தை ஆதரிக்க அரசின் உதவித்தொகை இருந்தது. தந்தையுடன் பணியாற்றிய அதிகாரிகளின் நட்பு இருந்தது. அனைத்திற்கும் மேலாக, இந்தக் குலத்துப் பிள்ளை படித்தே ஆகவேண்டும் என்னும் எண்ணம் வீட்டிலும் சுற்றத்திலும் ஐயத்துக்கு இடமின்றி நிலவியது. வர்க்கம் என்பது கையில் உள்ள பணம் மட்டுமன்று. கை வெறுமையாகும் நாளில் தாங்கிப் பிடிக்க நீளும் கைகளும் அதில் அடங்கும்.

கல்வி

இளைய ஜான் செல்டனம் கல்லூரியில் பயின்றார். அவர் பிறந்த அதே 1841ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அப்பள்ளி, படை அதிகாரிகளின் மைந்தர்கள் பெருமளவில் பயின்ற இடமாகும். அதன்பின் அடிஸ்கோம்பில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கல்லூரியில் சேர்ந்தார். பொறியியற் படைக்கும் பீரங்கிப் படைக்கும் இளைஞர்களை ஆயத்தம் செய்த நிறுவனம் அது. கணிதமும் அரண் அமைக்கும் கலையும் நில அளவையும் அங்கே கற்பிக்கப்பட்டன. அக்கல்லூரியில் நுழைய அறிவு மட்டும் போதுமானதாக இல்லை. கம்பெனி இயக்குநர் ஒருவரின் பரிந்துரையும் வேண்டியிருந்தது. எந்த வீட்டுப் பிள்ளை என்னும் கேள்விக்கு விடை கிடைத்த பிறகே, எவ்வளவு அறிந்த பிள்ளை என்னும் கேள்வி அங்கே எழுந்தது.

இதனைச் சுட்டுவது பென்னிகுயிக்கின் ஆற்றலைக் குறைப்பதற்காக அன்று. கதவு திறந்திருந்ததால் மட்டும் எவரும் அறிஞராவதில்லை. அதே வாயிலில் நுழைந்த பலர் பெயரின்றி மறைந்தனர், இவர் நிலைத்தார். எனினும் அந்தக் கதவு யாருக்குத் திறந்தது என்பதை மறந்துவிட்டு ஆற்றலை மட்டும் புகழ்வது பாதி வரலாறே ஆகும்.

1858ஆம் ஆண்டில் சென்னைப் பொறியியற் படையில் அதிகாரியாக அமர்த்தப்பட்ட அவர், 1860ஆம் ஆண்டு இந்தியா வந்தார். 1868ஆம் ஆண்டு அபிசீனியப் படையெடுப்பில் பங்கு கொண்டார். பின்னர்ச் சென்னை மாகாணப் பொதுப்பணித்துறையில் பாசனப் பணிகளில் ஈடுபட்டார். 1879ஆம் ஆண்டு, படைத்தளபதி ஒருவரின் மகளாகிய கிரேஸ் ஜார்ஜியானா சாமியரை மணந்தார். படைக்குடும்பம் படைக்குடும்பத்திலேயே பெண் எடுத்தது. தம் வட்டத்துக்குள் கொள்வினை கொடுப்பினை செய்துகொள்வது இந்தியச் சாதிக்கு மட்டுமே உரிய வழக்கம் அன்று என்பதற்கு இம்மணமும் ஒரு சான்று.

மலையின் மேல்

மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகையோடு சேர்க்கும் எண்ணம் பென்னிகுயிக்கிற்கு முன்பே தோன்றியது. இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789ஆம் ஆண்டளவிலேயே இதனை ஆராயச் செய்தார். 1808இல் இடத்தைப் பார்வையிட்ட கால்டுவெல் என்னும் படை அதிகாரி, இது நடவாத காரியம் என அறிக்கை தந்தார். 1850இல் சிறு அளவில் தொடங்கிய வேலை காய்ச்சலால் நின்றுபோயிற்று. 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சம் தென்னகத்தை உலுக்கிய பின்னரே அரசு இத்திட்டத்தை உறுதியாகக் கையில் எடுத்தது. 1882இல் திட்டத்தைத் திருத்தி மதிப்பீடு அளிக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1887இல் வேலை தொடங்கியது.

அணை 155 அடி உயரம் உடையது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல்லும் கொண்டு கட்டப்பட்டது. தேங்கிய நீரைக் கிழக்கே கொணர மலையைக் குடைந்து, ஒரு மைலுக்கும் சற்று மிகுதியான நீளத்தில் சுரங்கம் வெட்டப்பட்டது. இருப்புப்பாதை நெடுந்தொலைவில் நின்றுவிட்டதால், இயந்திரங்களும் பொருள்களும் கட்டை வண்டிகளில் பள்ளத்தாக்கின் வழியே வந்து மலையேறின. வெள்ளம் வந்தபோதெல்லாம் ஆற்றுக்குள் எழுப்பிய தற்காலிகத் தடுப்புகள் அடித்துச் செல்லப்பட்டன. மலைக்காய்ச்சல் கடுமையாகும் மாதங்களில் வேலை நின்றது. 1895ஆம் ஆண்டு அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார்.

தொடக்கத்தில் சென்னைப் பயனியர் படையினர் வேலை செய்தனர். கொச்சியிலிருந்து போர்த்துக்கீசிய வழித்தச்சர்கள் வந்தனர். சமவெளி ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான கூலிகள் மலையேறினர். நோயால் இறந்தோர் என 483 பேரின் இறப்பு பதிவாகியுள்ளது. அணைக்கருகே அவர்களுள் பலரைப் புதைத்த இடுகாடு உள்ளது.

இங்கே சிலியன்வாலாவை நினைத்துப் பார்த்தல் தகும். அங்கே வீழ்ந்த அதிகாரியின் பெயர், வயது, படைப்பிரிவு, உடன் மாண்ட மகனின் பெயர் அனைத்தும் இன்றும் தெரியும். பெரியாற்றங்கரையில் காய்ச்சலில் வீழ்ந்த தந்தையரில் பெரும்பாலோர் வெறும் எண்களாகவே எஞ்சினர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு உதவித்தொகை இல்லை. பரிந்துரைக்க இயக்குநர் இல்லை. அத்தகைய வீடுகளில் தந்தை திரும்பாத நாளே பிள்ளை வேலைக்குச் சென்ற முதல் நாளாகவும் இருந்திருக்கும். எட்டு வயதில் தந்தையை இழந்த ஒருவர் தலைமை ஏற்ற பணியில், பெயர் தெரியாத எத்தனையோ பிள்ளைகள் தந்தையை இழந்தனர் என்பது இவ்வரலாற்றின் ஆழ்ந்த முரணாகும்.

தண்ணீர் வந்த பின்

சுரங்கம் கடந்த நீர் வைரவனாற்றிலும் பின்னர்ச் சுருளியாற்றிலும் கலந்து வைகையை அடைந்தது. பேரணையிலிருந்து பிரியும் பெரியாற்றுக் கால்வாய் மேலூர் வரையுள்ள மதுரைப் புலங்களை நனைத்தது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளையும் பூமியாக அறியப்படுகிறது. உறுதியான விளைச்சல் வந்த பின்னர்க் குடும்பத்தின் கணக்கே மாறுகிறது. ஒரு போகம் பொய்த்தாலும் மறு போகம் உண்டு என்னும் நம்பிக்கை பிறக்கும்போதுதான், உழைக்கக்கூடிய ஒரு பிள்ளையைப் பல ஆண்டுகள் பள்ளியில் விட்டுவைக்க ஒரு குடும்பம் துணிகிறது. வகுப்பறையின் முதற்கல் வயலில் இடப்படுகிறது எனலாம்.

ஆயினும் தண்ணீர் நிலத்தைத்தான் அறியும், நிலமற்றாரை அறியாது. வாய்க்கால் நீர் பட்டா உள்ளவரின் வயலில் பாய்ந்தது. அவ்வயலில் நாற்று நட்ட பெண்ணுக்குக் கூலி நாள்கள் கூடின. கல்வி உடனே கூடவில்லை. அணை திறந்து ஆறாண்டு கழித்து எடுக்கப்பட்ட 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னை மாகாணப் பெண்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவில்தான் இருந்தனர். ஒரே வாய்க்காலின் இரு கரைகளிலும் இருவேறு குடும்பங்கள் வளர்ந்தன. ஒன்றில் பிள்ளை பள்ளிக்குச் சென்றான். மற்றொன்றில் அவன் வயதுப் பிள்ளை அவ்வீட்டு மாட்டை மேய்த்தான்.

தண்ணீர் சென்று சேராத புலங்களின் நிலை இன்னும் கடுமையானது. உசிலம்பட்டிப் பகுதியின் மானாவாரி நிலங்களில் வாழ்ந்த பிறமலைக் கள்ளர் மீது குற்றப் பரம்பரைச் சட்டம் ஏவப்பட்டது. ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ ஊர்ப் பொது இடத்திலோ படுத்துறங்க வேண்டியிருந்தது. தந்தை இரவில் வீட்டில் இருப்பதே குற்றமெனக் கருதப்பட்டால் குடும்பம் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கைரேகைப் பதிவை எதிர்த்துப் பெருங்காமநல்லூர் மக்கள் திரண்டபோது, 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் அவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மாயக்காள் என்னும் பெண்ணும் உயிர் நீத்தோருள் ஒருவர். 1947இல் அச்சட்டம் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது. கள்ளர் சீரமைப்புத் திட்டத்தில் தொடங்கிய பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தன. பிறப்பைக் குற்றமாக்கிய அதே ஆட்சியில்தான் அப்பள்ளிகளும் தோன்றின. அவற்றில் படித்து எழுந்தோர் பிறப்பு குற்றமன்று என்பதைத் தம் வாழ்வாலேயே மெய்ப்பித்தனர்.

விற்ற நகையின் கதை

பென்னிகுயிக்கைப் பற்றி இப்பகுதியில் வழங்கும் கதைகளுள் ஒன்று மிகப் புகழ்பெற்றது. அரசு கைவிட்டபோது அவர் இங்கிலாந்தில் இருந்த சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்றுவந்து அணையைக் கட்டி முடித்தார் என்பது அக்கதை. கவியரங்குகளிலும் மேடைகளிலும் இது பலமுறை பாடப்பெற்றுள்ளது. ஆனால் அணைக்கான செலவு எண்பது லட்சம் ரூபாயைத் தாண்டியது. அச்செலவு சென்னை மாகாண அரசின் கணக்கில் நிகழ்ந்தது. ஒரு படை அதிகாரியின் சொத்தும் நகையும் ஈடு செய்யக்கூடிய தொகையும் அன்று அது. நகை விற்றதற்கு ஆவணச் சான்று கிட்டவில்லை.

எனவே அக்கதை பொய் என்று தள்ளிவிடுதல் எளிது. அது எங்கிருந்து பிறந்தது என்று காண்பதே பயனுடையது. தண்டட்டியையும் பாம்படத்தையும் அடகு வைத்து மகனைக் கல்லூரிக்கு அனுப்பிய தாய்மார் இப்பள்ளத்தாக்கில் உண்டு. தாலிக்கொடியை விற்று மகளின் பரீட்சைக் கட்டணம் கட்டிய வீடுகளும் உண்டு. பெருஞ்செயல் ஒன்று நடக்கவேண்டுமெனில் வீட்டுப் பெண்ணின் கழுத்தும் காதும் வெறுமையாக வேண்டும் என்பதே இம்மக்கள் அறிந்த குடும்பப் பொருளாதாரம். தாம் நேசித்த ஒருவரின் வாழ்வைத் தம் வீட்டு அனுபவத்தால் நிரப்பிக்கொண்டனர். பென்னிகுயிக்கைப் பற்றிச் சொல்லவந்த கதை உண்மையில் இப்பள்ளத்தாக்கின் தாய்மாரைப் பற்றிச் சொல்கிறது.

பாடுவோர் கருதத்தக்க செய்தி இதுவே. விற்காத நகையைப் பாடுவதைவிட விற்ற நகையைப் பாடுவது மெய்யான பாட்டாகும். அதனால் பென்னிகுயிக்கின் பெருமை ஒரு துளியும் குறையாது. எட்டாண்டுகள் காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் இடையில் ஒரு பணியை விடாது நடத்தி முடித்தமையே அவருக்குப் போதிய புகழாகும்.

இறுதிக் காலம்

1895இல் அவருக்கு அரசு சி.எஸ்.ஐ. என்னும் விருதளித்தது. 1896இல் தாயகம் திரும்பிய அவர், கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த அரச இந்தியப் பொறியியற் கல்லூரியின் தலைவரானார். இந்தியப் பொதுப்பணித்துறைக்கு உயர் பொறியாளர்களை உருவாக்கிய அந்நிறுவனத்தில் கட்டணம் செலுத்திப் படிக்க வசதியுள்ள ஆங்கிலக் குடும்பத்து இளைஞர்களே பெரிதும் பயின்றனர். 1899இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்குச் சென்று, அங்குள்ள ஆற்றின் வெள்ளத்தைத் தணிக்கும் வழிகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தார்.

அவருக்குப் பெண்மக்கள் ஐவர், ஆண் ஒருவன். ஐந்து பெண்மக்களின் தந்தை தலைமை வகித்த கல்லூரியில் பெண்கள் பயில இடமில்லை. பொறியியல் ஆண்களின் கல்வி என்பது அன்று இரு நாடுகளுக்கும் பொதுவான பண்பாடாக இருந்தது. சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியின் கதவு பெண்களுக்குத் திறந்தது 1940ஐ ஒட்டித்தான். வர்க்கத்தால் உயர்ந்த வீட்டிலும் பால் என்னும் வேலி நின்றது.

1911ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் பென்னிகுயிக் மறைந்தார். இங்கிலாந்தில் பிரிம்லி என்னும் ஊரின் திருச்சபைக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அப்பொழுது அவருடைய ஒரே மகனுக்கு வயது பதினொன்று. தந்தை எட்டு வயதில் அடைந்த இழப்பை மகன் பதினொரு வயதில் அடைந்தான். இம்முறையும் கல்வி நிற்கவில்லை. வின்செஸ்டர் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டின் நியூ கல்லூரியிலும் பயின்ற அம்மகன், சர் ஜான் பென்னிகுயிக் என்னும் பெயரில் இங்கிலாந்தின் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கி 1982இல் மறைந்தார்.

இரண்டு தலைமுறைகளில் இரண்டு சிறுவர்கள் தந்தையை இழந்தனர். ஒருவர் பொறியாளரானார், மற்றவர் நீதிபதியானார். அவர்களைத் தாங்கிய ஏற்பாடுகள் ஒரு வர்க்கத்தின் சொத்தாக இருந்தன. அவை ஊரின் பொதுச்சொத்தாக வேண்டும் என்பதற்காகவே இலவசப் பள்ளிகளும் மதிய உணவும் விடுதிகளும் உதவித்தொகைகளும் தமிழகத்தில் தோன்றின. பெரியாற்று நீர் மலையைத் துளைத்து வந்ததுபோல் அவையும் பலரின் நெடிய உழைப்பால் வந்தவையே.

2022ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பர்லி நகரில் பென்னிகுயிக்கிற்குத் தமிழக அரசின் சார்பில் சிலை நிறுவப்பட்டது. லோயர் கேம்ப் மணிமண்டபத்திற்குப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருகின்றனர். அவர்களுள் தந்தையை இழந்த பிள்ளைகளும் இருப்பர். நாளை காலை அவர்கள் பள்ளிக்குச் செல்வார்களா, ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் ஜீப்பில் செல்வார்களா என்பதைப் பொறுத்தே, மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் எவ்வளவு தூரம் பாய்ந்துள்ளது என்பதை அளக்கவேண்டும்.